அத்தியாயம் 7: மௌஸ் என்று பெயரெடுத்த தராசு

ஒலுவிலில் இருந்து பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று போனால் நெல் கொள்வனவு செய்யும் இடங்களிலும் மில்களிலும் இலத்திரனியல் தராசைக் காணலாம். அவற்றில் பலவற்றின் பின்பக்கத்தில் ஒன்பது பின் கொண்ட ஒரு சொக்கெட் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் எதையும் செருகியிருக்க மாட்டார்கள். அந்த சொக்கெட் வழியாக எடையை நேரே கணினிக்கு அனுப்பலாம். 68.5 கிலோவை 65.8 என்று எழுதிவிட்டு விற்க வந்தவரோடு வாதாடும் வேலை மிச்சமாகும்.

இன்றைய மடிக்கணினிகளில் அந்த ஒன்பது பின் சொக்கெட் இல்லை. நடுவில் ஒரு யூ.எஸ்.பி.–சீரியல் வயர் வேண்டும். சிக்கல் அந்த வயரிலிருந்துதான் தொடங்கும். ஆழ்கடல் படகின் ஜி.பி.எஸ்.ஸை மடிக்கணினியோடு இணைக்க நினைப்பவருக்கும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மலிவான ஆர்டுயினோ போர்டை வைத்துச் செயற்திட்டம் செய்யும் மாணவருக்கும் இதே சிக்கல்தான் வரும். மூவருக்கும் சேர்த்தே இந்த அத்தியாயம்.

தேவையான அளவுக்கு மட்டும் விளக்கம்

யூ.எஸ்.பி. கருவியைச் செருகியதும் அது இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரித்தவர் எண், மற்றது பொருள் எண். பணிசெயல் முறைமை அந்த இரண்டையும் பார்த்துத்தான் கருவியோடு பேசும் மென்பொருளான டிரைவரைத் தேடும். கருவி சொல்வதை டிரைவர் அப்படியே நம்பும். சொல்வது பொய்யாக இருந்தால், அல்லது சொன்னபடி கருவி நடக்காவிட்டால், டிரைவர் எழுதியவர் அந்தக் கருவிக்கென்று ஒரு விதிவிலக்கைச் சேர்த்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட விதிவிலக்குகள் ஏராளம். லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் மையப்பகுதியான கேர்னலில் யூ.எஸ்.பி. சேமிப்புக் கருவிகளுக்கென்றே ‘வழக்கத்துக்கு மாறான கருவிகள்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. “உன் கடைசிப் பகுதியின் எண் என்ன?” என்று கேட்டால் மொத்தம் எத்தனை பகுதி என்று சொல்லிவிடும் கருவிகள் உண்டு. எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குவதால் விடை ஒன்று கூடிப்போகும். இல்லாத அந்தக் கடைசிப் பகுதியை வாசிக்கப் போய்ச் சில கருவிகள் உறைந்துவிடும். அதனால் டிரைவர் அவை சொல்லும் எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ளும்.

பட்டியலை நம்பாமல் கருவியையே சோதித்துப் பார்க்கும் டிரைவர்களும் உண்டு. சி.எச்.340 என்ற மலிவுச் சிப்புக்கான லினக்ஸ் டிரைவர், கருவி இணைந்ததும் ஒரு குறிப்பிட்ட பதிவகத்தை வாசித்துப் பார்க்கும். சிப் அதை மறுத்தால், அந்த வசதி இல்லாத வகை என்று குறித்துக்கொண்டு அதே வேலையை வேறு வழியில் செய்யும்.

பழைய சீரியல் சொக்கெட்டுக்கு யூ.எஸ்.பி. போலக் கட்டாயமான அடையாளம் எதுவும் கிடையாது. மறுமுனையில் இருப்பது தராசா, ஜி.பி.எஸ்.ஸா, மொடமா என்று கணினிக்குத் தெரியாது. ஊகிக்க மட்டுமே முடியும். அந்த ஊகம் தவறும்போது நடப்பதைக் கீழே பார்ப்போம்.

கை வைக்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. தராசின் சீலை உடைக்க வேண்டாம். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் சரிபார்ப்புக்கு உட்பட்டது. கணினியோடு பேசும் அமைப்புகள் பொதுவாக சீலுக்கு வெளியே, சாதாரண மெனுவிலேயே இருக்கும். ‘கெலிப்ரேஷன்’ என்ற சொல் திரையில் வந்தால் உடனே வெளியேறுங்கள்.

2. ஒன்பது பின் வயரை ஆர்டுயினோவின் பின்களில் நேரே கொடுக்கக் கூடாது. அந்த சொக்கெட்டில் கூட்டலிலும் கழித்தலிலும் 15 வோல்ட் வரை வரலாம். ஆர்டுயினோ தாங்குவது 5 வோல்ட், சில போர்டுகள் 3.3 மட்டுமே. நடுவில் மேக்ஸ் 3232 போன்ற மட்டம் மாற்றும் சிப் வேண்டும். இரண்டு வகை வயரும் கடையில் ஒரே தட்டில்தான் கிடக்கும். பார்த்து வாங்குங்கள்.

3. மில்லில் மோட்டர் ஓடும்போது ஒன்பது பின் வயரைச் செருகவோ கழற்றவோ வேண்டாம். தராசுக்கும் கணினிக்கும் ஏர்த் உள்ள ஒரே சுவர் சொக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். இரண்டு பின் மடிக்கணினிச் சார்ஜரோடு வேலை செய்து ‘சுரீர்’ என்று கையில் அடித்தால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். அதே மின்சாரம் சீரியல் வயர் வழியாகத் தராசின் போர்டுக்கும் போகும்.

4. ஒலுவில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் செருகும் முன் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடித்த பின், டிரைவர் கோளாறு போலவே நடிக்கும்: ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. தொடர்புமுனை துடைக்கும் ஸ்பிரே போட்டுக் காயவிட்டுச் செருகுங்கள்.

முதல் வேலை: வயர் தன்னை யார் என்கிறது?

பலரும் செய்யும் முதல் தவறு, வயரோடு வந்த சீடியில் இருக்கும் டிரைவரைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது. பெட்டியில் ஒரு பெயர் இருக்கும், உள்ளே வேறு சிப் இருக்கும். அடையாளத்தை வயரிடமே கேளுங்கள்.

1. தராசை இணைக்காமல் வயரை மட்டும் மடிக்கணினியில் செருகுங்கள்.
2. விண்டோஸ் சாவியையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, பிறகு எம் அழுத்துங்கள். ‘டிவைஸ் மேனேஜர்’ திறக்கும்.
3. ‘போர்ட்ஸ்’ என்ற பிரிவைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ‘அதர் டிவைசஸ்’ பிரிவில் மஞ்சள் முக்கோணத்தோடு இருக்கும்.
4. அதில் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘டீடெய்ல்ஸ்’ போய், பட்டியலில் ‘ஹார்ட்வெயார் ஐடிஸ்’ என்பதைத் தெரியுங்கள்.
5. வி.ஐ.டி. என்பதற்குப் பின்னால் நான்கு, பி.ஐ.டி. என்பதற்குப் பின்னால் நான்கு எழுத்து இருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் கடைகளில் கிடைக்கும் வயர்களில் நீங்கள் பெரும்பாலும் காணப்போவது இவை:

0403, 6001 என்றால் எஃப்.டி.டி.ஐ. சிப்.
067பி, 2303 என்றால் ப்ரொலிஃபிக் பி.எல்.2303.
1ஏ86, 7523 என்றால் சி.எச்.340. மலிவு ஆர்டுயினோக்களில் பெரும்பாலும் இதுதான்.

‘என்றால்’ என்று எழுதியதை, ‘என்று சொல்லிக்கொள்கிறது’ என்று வாசியுங்கள். போலிச் சிப்பும் அதே எண்ணைத்தான் சொல்லும்.

சிப்புக்குச் சிப் வேறு வைத்தியம்

*எஃப்.டி.டி.ஐ.* அசல் என்றால் இதைவிட நல்ல வயர் இல்லை. போலி என்றால் ஒரு வரலாறு உண்டு. 2014 ஒக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த இந்த நிறுவனத்தின் டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் பொருள் எண்ணையே 0000 என்று மாற்றி எழுதியது. அதன்பின் விண்டோஸுக்கு அந்த வயர் யாரென்றே தெரியாமல் போனது. காசு கொடுத்து வாங்கியவருக்கு அது போலி என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தண்டனை மட்டும் அவருக்கு. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ்காரர்கள் செய்தது நேரெதிர்: 0000 என்ற எண்ணையும் தங்கள் டிரைவரின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே உங்கள் வயர் 0403, 0000 என்று காட்டினால் அதைக் குப்பையில் போடாதீர்கள். லினக்ஸ் கணினியில் அது வேலை செய்யும்.

2016இல் வந்த டிரைவர் எண்ணை அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக, ‘அசல் அல்லாத கருவி’ என்ற பொருள்படும் ஆங்கில வரியைத் தரவுக்கு நடுவில் நுழைத்தது. எடை வரவேண்டிய இடத்தில் அப்படியொரு வரி வந்தால் தராசைத் திட்ட வேண்டாம். வயரை மாற்றுங்கள்.

*ப்ரொலிஃபிக்.* பழைய பி.எல்.2303 வகைகளைப் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்காது. டிவைஸ் மேனேஜரில் கருவியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், இந்த வகை 2012இலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது, விற்றவரை அணுகுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சில கணினிகளில் வெறுமனே ‘கோட் 10’ என்று நிற்கும். செய்யவேண்டியது:

1. 2010இல் வெளிவந்த 3.3.11.152 என்ற பழைய டிரைவரை நம்பகமான இடத்திலிருந்து எடுத்து நிறுவுங்கள். கண்ட இடத்திலும் இறக்கினால் டிரைவரோடு வேறு சிலவும் வந்து சேரும்.
2. டிவைஸ் மேனேஜரில் வயரின் மேல் வலது கிளிக் செய்து ‘அப்டேட் டிரைவர்’ போங்கள்.
3. ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’ என்பதையும், அதன்பின் ‘லெட் மீ பிக்’ என்று தொடங்கும் வரியையும் தெரியுங்கள். தானாகத் தேடும் தெரிவை அழுத்தினால் புதியதே திரும்பவும் வந்து உட்காரும்.
4. பட்டியலில் 3.3.11.152ஐத் தெரிந்து ‘நெக்ஸ்ட்’ கொடுங்கள்.

விண்டோஸ் அப்டேட் சில மாதங்களில் இதை மாற்றிவிடக்கூடும். கண்ட்ரோல் பேனலில் ‘டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்’ என்பதை ‘நோ’ என்று வைத்தால் அதன் வாய்ப்புக் குறையும்.

*சி.எச்.340.* பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே டிரைவரைப் போட்டுக்கொள்ளும். நேற்று வரை வேலை செய்த ஆர்டுயினோ இன்று போர்ட் காட்டியும் நிரலை ஏற்க மறுத்தால், இடையில் டிரைவர் புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். ‘டிரைவர்’ தாவலில் ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்தினால் பழையது வரும். போர்டைக் கழற்றி, பத்து வினாடி விட்டு, மறுபடி செருகுங்கள்.

வயர் மட்டும் நலமா?

தராசை இணைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்தால் பாதிக் குழப்பம் தீரும். ‘புட்டி’ என்ற இலவச மென்பொருள் போதும்.

1. டிவைஸ் மேனேஜரில் வயரின் கொம் எண்ணைப் பாருங்கள் (கொம் 3, கொம் 7 என்பது போல).
2. புட்டியில் ‘சீரியல்’ தெரிந்து அந்த எண்ணையும் வேகமாக 9600ஐயும் கொடுங்கள்.
3. இடப்பக்கப் பட்டியலின் அடியில் ‘சீரியல்’ போய் ‘ஃப்ளோ கண்ட்ரோல்’ என்பதை ‘நன்’ ஆக்குங்கள். அதுவாக வேறொன்றை வைத்திருக்கும். பலர் தவறவிடுவது இதைத்தான்.
4. வயரின் ஒன்பது பின் முனையில் 2ஆம், 3ஆம் பின்களை ஒரு சிறிய செப்புக் கம்பியால் தொடுத்துவிடுங்கள்.
5. ‘ஓபன்’ அழுத்தி எதையாவது தட்டுங்கள். தட்டியது திரையில் வந்தால் வயரும் டிரைவரும் நலம். கம்பியை எடுத்ததும் எழுத்து வருவது நிற்க வேண்டும்.

மௌஸ் தானாக ஓடும் கதை

இந்த அத்தியாயத்தின் தலைப்புக்கு வருவோம். வயர் சரி, டிரைவர் சரி, தராசையும் இணைத்தாயிற்று. மறுநாள் காலையில் கணினியைப் போட்டதும் திரையில் மௌஸ் அம்பு மூலைக்கு மூலை பாய்கிறது, மெனுக்கள் தானாகத் திறந்து மூடுகின்றன. “தம்பி, கணினிக்குள்ள வைரஸ் பூந்துட்டு, உடனே வாங்க” என்று மில் முதலாளி ஹாஜியார் ஃபோன் எடுப்பார். கணினிக் கடைக்குக் கொண்டுபோனால் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவி, கூலியும் வாங்கிக்கொண்டு, “சரியாகிட்டு” என்று கொடுப்பார்கள். கடையில் தராசு இல்லை, அதனால் அங்கே சரியாகத்தான் இருக்கும். மில்லுக்கு வந்து இணைத்ததும் பழையபடி அம்பு பாயும்.

நடப்பது இதுதான். ஒரு காலத்தில் மௌஸும் சீரியல் சொக்கெட்டில்தான் செருகப்பட்டது. அதனால் விண்டோஸ் ஒவ்வொரு சீரியல் போர்ட்டையும் கண்டவுடன் மறுமுனையில் மௌஸ் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். பதிலாக வரும் பைட்டுகள் மௌஸினுடையதைப் போல இருந்தால் நம்பிவிடும். தொடர்ச்சியாக எடையை அனுப்பிக்கொண்டிருக்கும் தராசு அந்த நேரம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் அகப்பட்டுக்கொள்ளும். மூட்டையின் எடை, அம்பின் அசைவாக மாறிவிடும். டிவைஸ் மேனேஜரில் ‘மைஸ்’ பிரிவைத் திறந்து பாருங்கள்: ‘மைக்ரோசொஃப்ட் சீரியல் பால்பொயிண்ட்’ என்ற பெயரில் உங்கள் தராசு உட்கார்ந்திருக்கும். ஓயாமல் நிலைத்தரவு அனுப்பும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் இதே கதி நேரும்.

தீர்வுகள் மூன்று. மேலிருந்து கீழாக முயலுங்கள். தராசின் அமைப்பை மாற்றுவது முதலில், விண்டோஸின் அமைப்பை மாற்றுவது கடைசியில்.

*அ. தராசின் பேச்சைக் குறைத்தல்.* தராசின் கையேட்டில் தொடர்பு முறை என்ற பகுதியைத் தேடுங்கள். பெரும்பாலான தராசுக் காட்டிகளில் தொடர்ச்சியாக அனுப்புதல், கேட்டால் அனுப்புதல், பொத்தானை அழுத்தினால் அனுப்புதல் என்று தெரிவுகள் உண்டு. தொடர்ச்சியை விட்டுவிட்டு பொத்தான் முறைக்கு மாற்றுங்கள். விண்டோஸ் தட்டிப் பார்க்கும் நேரம் தராசு வாய் திறக்காது. நெல் நிறுக்கும் இடத்துக்கு இதுவே பொருத்தம்: மூட்டை அசைவில்லாமல் நின்றபின் அழுத்தினால் ஒரே ஒரு எடைதான் போகும்.

*ஆ. தட்டிப் பார்ப்பதை நிறுத்துதல்.* எஃப்.டி.டி.ஐ. வயர் என்றால்: போர்ட்டின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘போர்ட் செட்டிங்ஸ்’, ‘அட்வான்ஸ்ட்’ போய் ‘சீரியல் எனுமரேட்டர்’ என்ற கட்டத்தில் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு போர்ட்டில் மட்டும் மௌஸ் தேடல் நிற்கும், மற்றவை பாதிக்கப்படாது. இந்த வயருக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு எனக்கு இந்தக் கட்டம் ஒன்றே போதும்.

*இ. போலி மௌஸை முடக்குதல்.* வேறு சிப் என்றால்:

1. தராசு இயங்கும்போதே வயரைச் செருகி அம்பைப் பாயவிடுங்கள்.
2. மௌஸைத் தொடாமல் விசைப்பலகையால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அம்புச் சாவிகளால் ‘சீரியல் பால்பொயிண்ட்’ வரிக்கு வாருங்கள்.
3. ஷிஃப்டையும் எஃப்10ஐயும் அழுத்தினால் வலது கிளிக் மெனு வரும். ‘டிஸேபிள்’ தெரியுங்கள்.
4. தராசு இயங்கும் நிலையிலேயே கணினியை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

இங்கே பலரும் ‘அன்இன்ஸ்டால்’ கொடுக்கிறார்கள். கொடுத்தால் அடுத்த தொடக்கத்தில் விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து மறுபடி நிறுவும். முடக்கினால்தான் ‘இது வேண்டாம்’ என்பது நினைவில் நிற்கும். அந்த நினைவும் அந்த யூ.எஸ்.பி. துளைக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். வயரை வேறு துளையில் செருகினால் கதை முதலிலிருந்து தொடங்கும். துளையின் மேல் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டி ‘தராசு’ என்று எழுதிவிடுங்கள்.

ரெஜிஸ்ட்ரியில் ‘செர்மௌஸ்’ என்பதன் ‘ஸ்டார்ட்’ மதிப்பை 4 ஆக்கச் சொல்பவர்களும் உண்டு. வேலை செய்யும், எல்லாச் சீரியல் மௌஸும் ஒரேயடியாக நிற்கும். மேலே சொன்ன மூன்றும் தோற்றபின், ரெஜிஸ்ட்ரியைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு மட்டும் அங்கே போங்கள்.

எடை வருகிறது, ஆனால் எண் சரியில்லை

புட்டியைத் திறந்து, தராசில் ஒரு பொருளை வைத்து, பொத்தான் முறை என்றால் பொத்தானையும் அழுத்தி, திரையைப் பாருங்கள்.

ஒன்றுமே வரவில்லை என்றால், 2ஆம் 3ஆம் பின்கள் இரு முனையிலும் நேருக்கு நேராக இருக்கலாம். அந்த இரண்டையும் மாற்றி இணைக்கும் குறுக்கு வயர் ஒன்றை நடுவில் போடுங்கள். 5ஆம் பின் இரு பக்கமும் நேராக இணைந்திருக்க வேண்டும்.

எல்லாமே புரியாத குறிகள் என்றால் வேகம் பொருந்தவில்லை. 1200, 2400, 4800, 9600 என்று மாற்றிப் பாருங்கள்.

சில இலக்கங்கள் சரியாகவும் சில குறிகளாகவும் வந்தால் சுவையான ஒரு அடையாளம் உண்டு. 0, 3, 5, 6, 9 ஆகியவை சரியாக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் கெட்டுப்போனால், தராசு 7 பிட், இரட்டைச் சமநிலையில் அனுப்புகிறது, நீங்கள் 8 பிட், சமநிலை இல்லாமல் வாசிக்கிறீர்கள். இரட்டைச் சமநிலையில், ஒரு எழுத்தில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால் எட்டாவது பிட்டாக இன்னொரு ஒன்று சேர்க்கப்படும். 1, 2, 4, 7, 8 ஆகிய இலக்கங்களின் குறியீடுகளில் ஒன்றுகள் ஒற்றை எண்ணிக்கையில் இருப்பதால் அவை மட்டும் உருமாறுகின்றன. புட்டியில் டேட்டா பிட்ஸ் 7, பேரிட்டி ‘ஈவன்’ என்று மாற்றினால் எல்லாம் நேராகும். 50 கிலோ படிக்கல் வைத்துச் சோதிப்பவருக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது, 5உம் 0உம் சரியாகத்தான் வரும். 47 கிலோ போன்ற எடையை வைத்துப் பாருங்கள்.

எடை புட்டியில் சரியாக வந்தபின், எக்செலில் விழச் செய்வது எளிது. சீரியலில் வருவதை விசைப்பலகையில் தட்டியது போல மாற்றும் ‘கீபோர்ட் வெட்ஜ்’ வகை மென்பொருளுக்குப் புட்டியில் கொடுத்த அதே அமைப்புகளைக் கொடுங்கள். புட்டியை முதலில் மூடுங்கள். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்கலாம்.

படகின் ஜி.பி.எஸ்.ஸுக்கு

கடல் கருவிகளின் என்.எம்.இ.ஏ. 0183 என்ற மரபில் வேகம் 4800, 8 பிட், சமநிலை இல்லை. வரிகள் டாலர் குறியில் தொடங்கும். ஜி.பி.எஸ்.ஸின் வயரில் ஏ, பி என்று இரண்டு வெளியீட்டு இழைகள் இருந்தால் ஏ-யை யூ.எஸ்.பி.–சீரியல் வயரின் 2ஆம் பின்னுக்கும், கருவியின் சிக்னல் கிரவுண்டை 5ஆம் பின்னுக்கும் கொடுங்கள். பி-யை எதனோடும் சேர்க்காமல் டேப் சுற்றி விடுங்கள். அதை கிரவுண்டில் கட்டினால் கருவியின் வெளியீட்டுப் பகுதி கெடலாம்.

இணைக்கும்போது மடிக்கணினி பட்டரியில் ஓடட்டும், படகின் இன்வேர்ட்டரில் வேண்டாம். ஒலுவில் துறைமுக வாயில் மணல் இடம் மாறும் இடம். மடிக்கணினியில் தெரியும் பழைய பாதையை நம்பி அதற்குள் நுழைய வேண்டாம். போன பாதையைப் பதிவு செய்யத்தான் இந்த இணைப்பு, வழி காட்ட அல்ல.

கொம் எண் ஓடி ஒளிந்தால்

நேற்று கொம் 4, இன்று கொம் 9. சி.எச்.340 போன்ற சிப்புகள் தமக்கென்று தொடர் எண் சொல்வதில்லை. ஆகவே விண்டோஸ் துளையை வைத்தே அடையாளம் காணும். துளை மாறினால் எண்ணும் மாறும். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் இதற்கும் உதவும். அரைமணிக்கு ஒருமுறை போர்ட் காணாமல் போகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் ‘யூ.எஸ்.பி. ரூட் ஹப்’ ஒவ்வொன்றின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலிலும் மின்சாரம் சேமிக்க அணைக்கலாம் என்ற கட்டத்தின் சரிக்குறியை எடுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

டெர்மினலில் எல்-எஸ்-யூ-எஸ்-பி என்ற ஐந்து சிற்றெழுத்துகளைத் தட்டினால் அதே இரண்டு எண்கள் தெரியும். டிரைவர் பெரும்பாலும் ஏற்கெனவே கேர்னலில் இருக்கும். எனவே கண்ட டிரைவரையும் இறக்காதீர்கள். போர்ட் இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள்.

உபுண்டு 22.04இல் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சி.எச்.340 ஆர்டுயினோவைச் செருகினால் போர்ட் ஒரு கணம் தோன்றி மறையும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகள் சில இதே 1ஏ86, 7523 என்ற எண்ணைச் சொல்லிக்கொள்வதால், பிரெய்ல் சேவையான பி-ஆர்-எல்-டி-டி-ஒய் உங்கள் போர்டைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. கேர்னல் பதிவில் அந்தப் பெயரைக் கண்டால் அந்தப் பொதியை நீக்குங்கள், சிக்கல் தீரும். பல்கலைக்கழக ஆய்வுகூடம் போன்ற பொதுக் கணினி என்றால் நீக்கும் முன் பொறுப்பாளரைக் கேளுங்கள். பிரெய்ல் கருவி பயன்படுத்தும் மாணவர் ஒருவர் அதே கணினியில் அமரக்கூடும். அவருக்கு அது போனால் திரையே போனது போல.

போர்டு இணைந்த முதல் சில வினாடிகளில் யாரோ அதனோடு பேசுவது போல இருந்தால் ‘மொடம் மேனேஜர்’ சேவையைச் சந்தேகியுங்கள். இணைய டொங்கிள் எதுவும் பயன்படுத்தாத கணினியில் அதை நிறுத்திவிடலாம்.

எப்போது கைவிடுவது

கம்பித் தொடுப்புச் சோதனையில் தோற்ற வயரோடு போராட வேண்டாம். பழைய டிரைவரால் மட்டுமே ஓடும் பி.எல்.2303 வயரைப் பெரும்போக அறுவடை தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். வரிசையில் உழவு இயந்திரங்கள் நிற்கும்போது விண்டோஸ் அப்டேட் வந்து அதை நிறுத்தினால், அன்றைக்கு இழப்பது வயரின் விலையைவிட அதிகம்.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் இவற்றை எழுதித் தராசின் பக்கத்தில் ஒட்டுங்கள்: வயரின் இரண்டு எண்கள், டிரைவரின் பதிப்பு, கொம் எண், வேகம், பிட், சமநிலை, தராசின் அனுப்பும் முறை, எந்தக் கட்டத்தின் சரிக்குறியை எடுத்தீர்கள் என்பது. கணினி மாறும் நாளில் நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும், அந்தத் தாளை வைத்து மில்லில் இருக்கும் பையனே இணைத்துவிடுவான்.